உயிர்காத்த கோடு

நுழையும்முன்

மயிற்பீலியே ஆயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்பது வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் உண்மை. வண்டிக்குப் பொருந்துவது கப்பலுக்கும் பொருந்தும். சாலையில் அச்சு முறிந்தால் சுமை தரையில் சரியும். நடுக்கடலில் கப்பல் சுமை தாங்காமற்போனால் அதிலுள்ள உயிர்கள் கடலுக்குள் போகும். இவ்வெளிய உண்மையைச் சட்டமாக்குவதற்கு இங்கிலாந்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராட்டம் நிகழ்ந்தது. அப்போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் சாமுவேல் பிளிம்சால் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர். அவரது வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கப்பலின் உடலில் ஒரு குறி

தூத்துக்குடியிலோ சென்னையிலோ துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பலை உற்று நோக்கினால், அதன் பக்கவாட்டில், ஏறத்தாழ நடுப்பகுதியில், ஒரு வட்டம் வரையப்பட்டிருப்பதைக் காணலாம். வட்டத்தின் நடுவே கிடையாக ஒரு கோடு செல்லும். அதற்கு அருகில் ஏணிப்படிகள் போலச் சில சிறு கோடுகளும் எழுத்துகளும் இருக்கும். கப்பலில் சரக்கு ஏற ஏற அது நீரில் அமிழ்ந்துகொண்டே போகும். நீர்மட்டம் உரிய கோட்டைத் தொட்டதும் சரக்கேற்றுவதை நிறுத்திவிட வேண்டும். கோடு நீருக்குள் மறைந்துவிட்டால் அந்தக் கப்பல் துறைமுகத்தைவிட்டுப் புறப்படக்கூடாது.

இக்குறியைச் சுமைக்கோடு என்பர். உலகெங்கும் மாலுமிகள் இதனைப் பிளிம்சால் கோடு என்றே அழைக்கின்றனர். கப்பலைக் கட்டாத, கப்பலில் பணியாற்றாத, கடற்கரை இல்லாத ஒரு தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் பெயர் உலகக் கப்பல்கள் யாவற்றிலும் உள்ள ஒரு குறிக்கு எவ்வாறு வாய்த்தது?

இளமையும் வறுமையும்

சாமுவேல் பிளிம்சால் 1824ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். பிள்ளைகள் பலர் இருந்த குடும்பம் அது. இளமையின் ஒரு பகுதியைப் பென்ரித் என்னும் சிற்றூரிலும், பின்னர் இரும்புத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஷெஃபீல்டு நகரிலும் கழித்தார். பள்ளிப்படிப்பை இளம் வயதிலேயே விட்டுவிட்டு எழுத்தராக வேலைக்குச் சென்றார். மதுவடிப்பாலை ஒன்றில் சேர்ந்து, உழைப்பாலும் நேர்மையாலும் அதன் மேலாளராக உயர்ந்தார். 1851இல் லண்டனில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சிக்கு ஷெஃபீல்டு நகரின் சார்பில் மதிப்புறு செயலராகவும் பணியாற்றினார்.

1853இல் அவர் லண்டனுக்குச் சென்று நிலக்கரி வணிகம் தொடங்கினார். வணிகம் நொடித்தது, கையிருப்பு கரைந்தது. ஏழைத் தொழிலாளர் தங்கும் மலிவான விடுதி ஒன்றில், வாரத்திற்குச் சில ஷில்லிங்குகளைக் கொண்டு வாழவேண்டிய நிலை ஏற்பட்டது. தம்முடன் தங்கியிருந்தவர்கள் தமக்கே போதாத உணவைப் பிறரோடு பகிர்ந்துகொள்வதையும், வேலையிழந்தவனுக்கு வேலையுள்ளவன் கைகொடுப்பதையும் அவர் அங்கே கண்டார். உழைக்கும் மக்களைத் தொலைவில் நின்று இரங்குவதற்கும் அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை அந்நாள்கள் அவருக்கு உணர்த்தின. பின்னாளில் நிலக்கரி வணிகத்திலேயே அவர் செல்வம் ஈட்டினார். எனினும், விடுதியில் கற்றதை அவர் மறக்கவில்லை.

சவப்பெட்டிக் கப்பல்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகின் மிகப்பெரிய வணிகக் கப்பற்படை பிரிட்டனிடம் இருந்தது. நிலக்கரி, இரும்பு, மரம், தானியம் முதலியவற்றைச் சுமந்துகொண்டு ஆயிரக்கணக்கான கப்பல்கள் கடல்களைக் கடந்தன. அவற்றுள் நூற்றுக்கணக்கானவை ஆண்டுதோறும் மூழ்கின. புயலும் பாறையும் சில கப்பல்களைக் கொண்டன. ஆனால், பல கப்பல்கள் துறைமுகத்தைவிட்டுப் புறப்படும்போதே அழிவை உடன்கொண்டு சென்றன.

இதற்கான காரணத்தை அறிய, கப்பல் மிதக்கும் முறையை நினைவுகூர்தல் வேண்டும். தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கிக்கொண்டு கப்பல் மிதக்கிறது. சரக்கு மிகுந்தால் எடை மிகும். எடை மிகுந்தால் கப்பல் மேலும் அமிழும். நீர்மட்டத்திற்கும் கப்பலின் மேல்தளத்திற்கும் இடைப்பட்ட உயரமே அலைகளை எதிர்கொள்ளக் கப்பலுக்கு இருக்கும் பாதுகாப்பு. அவ்வுயரம் குறைந்தால் சிற்றலையும் மேல்தளத்தில் ஏறும். ஏறிய நீர் உள்ளறைகளில் புகும். புகுந்த நீர் கப்பலை மேலும் தாழ்த்தும். அமைதியான துறைமுகத்தில் மிதந்து நிற்கும் கப்பல் கொந்தளிக்கும் கடலில் மீள முடியாமற்போவது இதனால்தான்.

அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவதால் ஒரு பயணத்தில் கிடைக்கும் கட்டணம் கூடியது. கப்பல் மூழ்கினாலோ, காப்பீட்டுத் தொகை உரிமையாளருக்குக் கிடைத்தது. பழுதடைந்த பழைய கப்பலை அதன் உண்மை மதிப்பைவிட மிகுதியான தொகைக்குக் காப்பீடு செய்வதற்கும் தடையில்லை. அத்தகைய கப்பல் கரைசேர்ந்தாலும் ஊதியம்; சேராவிட்டாலும் ஊதியம். மூழ்கியவர்களின் குடும்பங்களுக்கு மட்டுமே இழப்பு. இவ்வாறு அனுப்பப்பட்ட கப்பல்களை மக்கள் சவப்பெட்டிக் கப்பல்கள் என்று அழைத்தனர்.

மாலுமிகள் மறுத்துக் கரையில் நின்றிருக்கக்கூடாதா என்னும் கேள்வி எழலாம். அன்றைய சட்டம் அதற்கு இடந்தரவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மாலுமி, கப்பலின் நிலையைக் கண்டு அஞ்சி ஏற மறுத்தால், அவரைச் சிறையில் அடைக்கலாம். அவ்வாறு நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். கப்பலேறினால் கடல், ஏறாவிட்டால் சிறை என்பதே அவர்களின் நிலை.

1866ஆம் ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரை நோக்கிச் சென்ற ‘லண்டன்’ என்னும் நீராவிக் கப்பல் பிஸ்கே விரிகுடாவில் மூழ்கியது. 220 பேர் உயிரிழந்தனர்; 19 பேர் மட்டுமே உயிர்தப்பினர். கப்பலில் ஏற்றப்பட்டிருந்த மிகைச்சுமையும் அழிவிற்கு ஒரு காரணம் என்று மக்கள் பேசிக்கொண்டனர். நேர்மையான கப்பல் உரிமையாளர்கள் சிலரும் சீர்திருத்தம் வேண்டும் எனக் குரல் எழுப்பினர். டைன் ஆற்றங்கரைப் பகுதியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால் என்னும் கப்பல் உரிமையாளர் அவர்களுள் முதன்மையானவர். அவர் எழுப்பிய குரலை நாடாளுமன்றத்திற்குள் கொண்டு சென்றவர் பிளிம்சால்.

கடலில்லாத் தொகுதியின் உறுப்பினர்

1865இல் டெர்பி தொகுதியில் போட்டியிட்டுத் தோல்வியுற்ற பிளிம்சால், 1868இல் அதே தொகுதியிலிருந்து லிபரல் கட்சியின் சார்பில் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டெர்பி, இங்கிலாந்தின் உட்பகுதியில் அமைந்த நகரம். இருப்புப்பாதைத் தொழிலுக்குப் புகழ்பெற்ற அந்நகருக்குக் கடலோடு தொடர்பில்லை. ஆண்டின் பெரும்பகுதியைக் கடலில் கழிக்கும் மாலுமிகளோ வாக்களிப்பது அரிது. அவர்களுக்காகப் பேசுவதால் பிளிம்சாலுக்குக் கிடைக்கக்கூடிய வாக்குகள் ஏதுமில்லை. அவையில் இருந்த கப்பல் உரிமையாளர்களின் பகை மட்டும் உறுதியாகக் கிடைக்கும். இதனை நன்கறிந்தே அவர் மாலுமிகளின் வழக்கைக் கையிலெடுத்தார்.

அவர் முன்வைத்த கோரிக்கைகள் மிக எளியவை. ஒவ்வொரு கப்பலையும் முறையாக ஆய்வு செய்தல் வேண்டும். பயணத்திற்குத் தகுதியற்ற கப்பலைத் தடுத்து நிறுத்தல் வேண்டும். எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதைக் காட்டும் கோட்டினைக் கப்பலின் புறத்தே எல்லாரும் காணுமாறு வரைதல் வேண்டும். இவற்றை வலியுறுத்தி அவர் கொண்டுவந்த முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன.

எதிர்த்தவர்கள் அனைவரும் தன்னலம் கருதியவர்கள் என்று கூறிவிட இயலாது. ஒவ்வொரு கப்பலும் அமைப்பில் வேறுபடுவதால் எல்லாவற்றிற்கும் பொதுவான விதியை வகுக்க முடியாது என்றனர் சிலர். கோட்டினை அரசு வரையறுத்தால் விபத்துக்கான பொறுப்பு உரிமையாளரிடமிருந்து அரசுக்கு மாறிவிடும் என்றனர் வேறு சிலர். பிற நாட்டுக் கப்பல்களுக்கு இக்கட்டுப்பாடு இல்லாதபோது பிரிட்டனின் வணிகம் நலிவடையும் என்றும் கூறப்பட்டது. இவ்வாதங்களுக்கு மறுமொழி கூறவேண்டுமெனில் சான்றுகள் வேண்டும். பிளிம்சால் துறைமுகந்தோறும் சென்று சான்றுகளைத் திரட்டலானார்.

மக்கள் மன்றத்தில் ஒரு நூல்

திரட்டிய செய்திகளைத் தொகுத்து ‘நம் மாலுமிகள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் 1873ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிளிம்சால் ஒரு நூலை வெளியிட்டார். அதனை நாட்டு மக்களுக்கு விடுக்கும் வேண்டுகோளாகவே அவர் அமைத்தார். ஆவணங்கள், கப்பல்களின் நிலை, காப்பீட்டு முறையில் உள்ள ஓட்டைகள், கணவரையும் மக்களையும் இழந்த குடும்பங்களின் துயரம் ஆகியன அதில் இடம்பெற்றன. நூல் நாடெங்கும் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. பொதுக்கூட்டங்கள் நடைபெற்றன, நிதி திரட்டப்பட்டது. கடலைக் காணாத உள்நாட்டுத் தொழிலாளர்களும் மாலுமிகளுக்காகக் குரல் கொடுத்தனர். இப்பணிகளில் அவருடைய மனைவி எலிசா உறுதுணையாக நின்றார்.

நூலுக்குப் பாராட்டு வந்ததைப் போலவே எதிர்ப்பும் வந்தது. கப்பல் உரிமையாளர்கள் சிலர் பிளிம்சால்மீது அவதூறு வழக்குத் தொடுத்தனர். அவர் சுமத்திய குற்றச்சாட்டுகள் யாவும் மெய்ப்பிக்கப்படவில்லை. சில செய்திகள் அவர் செவிவழியாகக் கேட்டவை. வழக்குகளால் அவருக்குப் பொருட்செலவும் மனவுளைச்சலும் நேர்ந்தன. ஆயினும், கப்பல்கள் மிகைச்சுமையோடு அனுப்பப்படுகின்றன என்னும் அடிப்படை உண்மையை யாராலும் மறுக்க இயலவில்லை.

மக்களின் எழுச்சியைக் கண்ட அரசு, 1873இல் சாமர்செட் கோமகன் தலைமையில் விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது. குறைகள் பலவற்றை ஏற்றுக்கொண்ட அவ்வாணையம், சட்டத்தின்வழிச் சுமைக்கோடு வரையறுப்பதை மட்டும் பரிந்துரைக்கவில்லை. 1874இல் பிளிம்சால் கொண்டுவந்த முன்வரைவு மூன்றே வாக்குகள் வேறுபாட்டில் தோல்வியடைந்தது.

அவையில் எழுந்த சினம்

1874ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற கன்சர்வேட்டிவ் கட்சி பெஞ்சமின் டிஸ்ரேலியின் தலைமையில் ஆட்சி அமைத்தது. மக்களின் கோரிக்கையைத் தவிர்க்க முடியாத நிலையில், 1875இல் அவ்வரசே வணிகக் கப்பல்கள் பற்றிய சட்ட முன்வரைவு ஒன்றைக் கொண்டுவந்தது. அது பிளிம்சால் விரும்பிய அளவு வலிமையுடையதன்று. எனினும், ஒன்றுமில்லாமைக்கு அது மேல் என்று அவர் காத்திருந்தார்.

1875ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், நேரமின்மை காரணமாக அம்முன்வரைவு அவ்வாண்டு கைவிடப்படுவதாகப் பிரதமர் அறிவித்தார். ஓராண்டுத் தாமதம் என்பது அவை நடவடிக்கையில் சிறிய செய்தி. இலையுதிர்காலமும் குளிர்காலமும் வரவிருக்கும் வேளையில், மிகைச்சுமையோடு அட்லாண்டிக் கடலைக் கடக்க வேண்டிய மாலுமிகளுக்கு அது உயிர்ச்செய்தி. பிளிம்சால் நிலைகொள்ளாது எழுந்தார். மாலுமிகளைச் சாவுக்கு அனுப்புவோரைக் கயவர்கள் என்று உரத்த குரலில் சாடினார். அவையில் அமர்ந்திருந்த உறுப்பினர் ஒருவரின் பெயரைச் சுட்டி அவருடைய கப்பல்களைப் பற்றி வினா எழுப்பப்போவதாகவும் கூறினார். கைமுட்டியை ஓங்கினார். சொற்களைத் திரும்பப்பெறுமாறு அவைத்தலைவர் பணித்தும் மறுத்து, அவையைவிட்டு வெளியேறினார்.

அவை மரபை மீறிய செயல் அது. அவரைக் கண்டிக்க வேண்டுமெனப் பிரதமர் முன்மொழிந்தார். நண்பர்களின் வேண்டுகோளால் முடிவு ஒருவாரம் தள்ளிவைக்கப்பட்டது. ஜூலை 29ஆம் நாள் பிளிம்சால் அவைக்குத் திரும்பி வருத்தம் தெரிவித்தார். அவை மரபுக்குப் பொருந்தாத சொற்களைத் திரும்பப்பெற்றார். ஆனால், தாம் கூறிய செய்திகளில் ஒன்றையும் திரும்பப்பெறவில்லை. சொல்லுக்கும் செய்திக்கும் இடையே அவர் கண்ட இவ்வேறுபாடு எண்ணிப்பார்க்கத் தக்கது. அவையின் மதிப்பைக் காப்பது உறுப்பினரின் கடமை. அவைக்கு வெளியே வாழ்வோரின் உயிரைக் காப்பதும் அவரது கடமையே. இரண்டும் மோதிய தருணத்தில் முதற்கடமைக்காக வருத்தம் தெரிவித்து, இரண்டாம் கடமையை அவர் விட்டுக்கொடுக்காது நின்றார்.

அந்த ஒரு வார இடைவெளியில் நாடு கிளர்ந்தெழுந்தது. ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன; செய்தித்தாள்கள் பிளிம்சாலுக்கு ஆதரவாக எழுதின. கைவிட்ட பணியை அரசே மீண்டும் கையிலெடுக்க நேர்ந்தது. பாதுகாப்பற்ற கப்பல்களைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை அலுவலர்களுக்கு வழங்கும் தற்காலிகச் சட்டம் 1875ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே நிறைவேறியது.

இடம் குறிக்காத கோடு

தற்காலிகச் சட்டத்தைத் தொடர்ந்து 1876இல் விரிவான வணிகக் கப்பல் சட்டம் இயற்றப்பட்டது. மேல்தளத்தில் மரம் ஏற்றுவதற்கும், தானியத்தை மூட்டையில் கட்டாமல் கொட்டி ஏற்றுவதற்கும் அது கட்டுப்பாடுகளை விதித்தது. சுமைக்கோட்டையும் கட்டாயமாக்கியது. 12 அங்குல விட்டமுள்ள வட்டமும் அதன் நடுவே 18 அங்குல நீளமுள்ள கோடும் கப்பலின் இருபுறமும் வரையப்பட வேண்டும் என்று சட்டம் கூறியது.

வட்டத்தின் அளவைக் கூறிய சட்டம், அதனை எந்த உயரத்தில் வரைய வேண்டும் என்பதைக் கூறவில்லை. அதனை முடிவு செய்யும் உரிமை கப்பல் உரிமையாளரிடமே விடப்பட்டது. மேல்தளத்தை ஒட்டி வரைந்தாலும் அது சட்டப்படி சுமைக்கோடே. சட்டத்தை எள்ளி நகையாடுவதற்காகக் கப்பல் தலைவர் ஒருவர் புகைபோக்கியின்மேல் அதனை வரைந்தார் என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது. அச்செய்தி எவ்வாறாயினும், அன்றைய சட்டத்தின் குறையை அது நன்கு விளக்குகிறது. அளவுகோலின் வடிவத்தைத் தந்துவிட்டு, அளக்கும் பொறுப்பை அளக்கப்பட வேண்டியவரிடமே ஒப்படைத்த சட்டம் அது. மக்களின் பார்வைக்குச் சட்டம் நிறைவேறிவிட்டது. மாலுமியின் பாதுகாப்புக்கு அது இன்னும் போதவில்லை.

பதவியைத் துறந்தவர்

1880ஆம் ஆண்டுத் தேர்தலில் பிளிம்சால் டெர்பி தொகுதியில் மீண்டும் வெற்றி பெற்றார். லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தது. உள்துறை அமைச்சராக அமர்த்தப்பட்ட வில்லியம் ஹார்கோர்ட், அன்றைய வழக்கப்படி மீண்டும் மக்களைச் சந்தித்தபோது ஆக்ஸ்ஃபோர்டு தொகுதியில் தோல்வியடைந்தார். அவருக்கு ஒரு தொகுதி தேவைப்பட்டது. உறுப்பினராகிய தம்மைக் காட்டிலும் அமைச்சராகிய அவரால் மாலுமிகளுக்கு மிகுதியான நன்மை செய்ய முடியும் என நம்பிய பிளிம்சால், தம் பதவியை விட்டுக்கொடுத்தார். ஹார்கோர்ட் டெர்பியின் உறுப்பினரானார். ஆனால், பிளிம்சால் எதிர்பார்த்த விரைவில் மாற்றம் நிகழவில்லை.

பதவியைத் துறந்தாரேயன்றிப் பணியைத் துறந்தாரில்லை. மாலுமிகள் மற்றும் கொதிகலன் தொழிலாளர்களின் சங்கத்திற்கு மதிப்புறு தலைவராக விளங்கினார். கால்நடைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் விலங்குகள் படும் துன்பத்தைக் குறித்தும் நூல் எழுதிக் குரல் எழுப்பினார்.

கோடு நிலைபெற்றது

இதற்கிடையே, கப்பல் அமைப்பை அறிந்த வல்லுநர்கள் கணக்கீட்டில் முனைந்தனர். கப்பலின் உள்ளறை ஆழத்தில் ஓர் அடிக்கு மூன்று அங்குலம் என்ற கணக்கில் நீருக்குமேல் உயரம் விடவேண்டும் என்னும் பழைய நடைமுறை ஒன்று 1835 முதலே இருந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகிய காலத்தில் அது போதவில்லை. லாயிட்ஸ் கப்பல் பதிவகத்தின் தலைமை ஆய்வாளர் பெஞ்சமின் மார்ட்டெல், கப்பலின் நீளம், ஆழம், வடிவம் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு அமைத்த அட்டவணைகள் 1882இல் வெளிவந்தன. ஒவ்வொரு கப்பலுக்கும் தனித்தனியே பாதுகாப்பான சுமை எல்லையைக் கணக்கிட முடியும் என்பது இவற்றால் தெளிவாயிற்று. பொதுவிதி வகுக்க இயலாது என்ற பழைய வாதம் வலுவிழந்தது.

1890இல் இயற்றப்பட்ட சுமைக்கோட்டுச் சட்டம், கோடு அமையவேண்டிய இடத்தை உரிமையாளரின் விருப்பத்திற்கு விடாமல் வணிக வாரியத்தின் விதிகளுக்கு உட்படுத்தியது. பிளிம்சால் நாடாளுமன்றத்தில் நுழைந்து 22 ஆண்டுகள் கழிந்திருந்தன. சட்டம் நிறைவேறியபோது அவர் உறுப்பினராக இல்லை. 1906இல் பிரிட்டானியத் துறைமுகங்களுக்கு வரும் பிறநாட்டுக் கப்பல்களுக்கும் இவ்விதி நீட்டிக்கப்பட்டது. 1930இல் லண்டனில் கூடிய நாடுகள் சுமைக்கோடு பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையை உருவாக்கின. 1966இல் புதிய உடன்படிக்கை ஒன்று அதன் இடத்தைப் பெற்றது. பிரிட்டனின் வணிகம் நலிவடையும் என்று அஞ்சியதற்கு மாறாக, உலக நாடுகளே அவ்விதியை ஏற்றுக்கொண்டன.

மறைவும் நினைவும்

பிளிம்சால் 1898ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் ஃபோக்ஸ்டன் என்னும் கடற்கரை நகரில் மறைந்தார். 1929இல் மாலுமிகளின் தேசியச் சங்கம் லண்டன் தேம்ஸ் ஆற்றங்கரையில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியது. அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1873இல், ஆஸ்திரேலியப் பயணத்திற்கெனக் கட்டப்பட்ட பாய்க்கப்பல் ஒன்றுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. துணியாலான மேற்பகுதியும் இரப்பர் அடிப்பகுதியும் கொண்ட காலணிகளைப் பிரிட்டனில் இன்றும் பிளிம்சால் என்றே அழைக்கின்றனர். அக்காலணியில் இரண்டு பகுதிகளும் சேருமிடத்தைச் சுற்றி ஓடும் பட்டை, கப்பலின் சுமைக்கோட்டை நினைவூட்டியதால் அப்பெயர் அமைந்தது என்பர்.

பிளிம்சால் புதிய கருவி எதனையும் கண்டுபிடித்தவர் அல்லர். சுமைக்கு ஓர் எல்லை வேண்டும் என்னும் கருத்தும் அவருக்கு முன்பே இருந்ததுதான். ஆதாயம் கருதி மறைக்கப்பட்ட அவ்வெல்லையைக் கப்பலின் புறத்தே, கரையில் நிற்கும் எவரும் காணும்படி எழுதவைத்ததே அவருடைய அருஞ்செயல். அதுவரை கப்பலின் சுமையளவு உரிமையாளரின் கணக்கேட்டில் இருந்தது. கோடு வந்தபின், எழுதப் படிக்கத் தெரியாத மாலுமியும் அதனைத் தன் கண்ணால் படிக்க முடிந்தது. நீர் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கப்பலேறுவது தகுமா என்பதை அவனே அறிந்துகொள்வான்.

தெரிந்து தெளிவோம்

கடல்நீரின் அடர்த்தியும் காலநிலையும் இடத்திற்கு இடம் மாறுபடும். எனவே, இன்றைய கப்பல்களில் ஒரே கோட்டிற்கு மாற்றாகப் பல கோடுகள் வரையப்படுகின்றன. அவற்றின் அருகே ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்படும்.

எஸ் – கோடைக்காலக் கோடு. வட்டத்தின் நடுவே செல்லும் கோடும் இதுவும் ஒரே மட்டத்தில் அமையும்.
டி – வெப்பமண்டலக் கடல்களுக்குரிய கோடு. அங்குக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்குமாதலால் இது கோடைக்காலக் கோட்டிற்கு மேலே அமையும்.
டபிள்யூ – குளிர்காலக் கோடு. கொந்தளிப்பு மிகுதியாதலால் கீழே அமையும்.
டபிள்யூ.என்.ஏ. – வட அட்லாண்டிக் குளிர்காலக் கோடு. எல்லாவற்றிலும் கீழே அமையும்.
எஃப் – நன்னீர்க் கோடு. கடல்நீரைவிட நன்னீரின் அடர்த்தி குறைவு. ஆதலால் ஆற்றுத் துறைமுகத்தில் கப்பல் சற்று மிகுதியாக அமிழும். இக்கோடு கோடைக்காலக் கோட்டிற்கு மேலே அமையும்.
டி.எஃப். – வெப்பமண்டல நன்னீர்க் கோடு. எல்லாவற்றிற்கும் மேலே அமையும்.

சொற்பொருள்

முன்வரைவு – சட்டமாக நிறைவேறுவதற்கு முன் அவையில் வைக்கப்படும் வரைவு
அவதூறு – பெயருக்கு இழுக்கு உண்டாக்கும் கூற்று
மதிப்புறு – ஊதியம் பெறாமல் வகிக்கும்
ஊதியம் – இப்பாடத்தில், ஆதாயம்
நொடித்தல் – பொருளிழந்து நலிதல்

கற்பவை கற்றபின்

1. துறைமுகத்திலோ நிழற்படத்திலோ ஒரு சரக்குக் கப்பலின் சுமைக்கோட்டைக் கண்டு, படம் வரைந்து அதன் பகுதிகளைக் குறிக்க.
2. பேருந்து, மின்தூக்கி, சரக்குந்து, படகு ஆகியவற்றில் எழுதப்பட்டுள்ள சுமை அல்லது ஆள் எண்ணிக்கை வரம்புகளைத் தொகுத்து, அவை பின்பற்றப்படும் நிலை குறித்து வகுப்பில் உரையாடுக.
3. ‘அவை மரபா, உயிர்க்காப்பா?’ என்னும் தலைப்பில் 1875ஆம் ஆண்டு நிகழ்வை மையமாகக்கொண்டு சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. சுமைக்கோடு அமையவேண்டிய இடத்தை வணிக வாரியத்தின் விதிகளுக்கு உட்படுத்திய சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு
அ) 1873 ஆ) 1876 இ) 1890 ஈ) 1930

குறுவினா
1. சவப்பெட்டிக் கப்பல்கள் என்று அழைக்கப்பட்டவை எவை?
2. நன்னீரில் கப்பல் மிகுதியாக அமிழ்வது ஏன்?

சிறுவினா
1. மாலுமிகள் பழுதுற்ற கப்பலில் ஏற மறுக்க இயலாமைக்குக் காரணம் யாது? விளக்குக.
2. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிறைகுறைகளை எழுதுக.
3. “சொற்களைத் திரும்பப்பெற்றார், செய்திகளைத் திரும்பப்பெறவில்லை” – இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

நெடுவினா
1. சுமைக்கோடு சட்டமாவதற்குப் பிளிம்சால் மேற்கொண்ட முயற்சிகளையும், அவர் எதிர்கொண்ட தடைகளையும், எதிர்த்தோர் கூறிய காரணங்களையும் தொகுத்து எழுதி, உம் கருத்தைச் சான்றுடன் நிறுவுக.